முழுப் பொறுப்பு, அரை அதிகாரம்

அமெரிக்காவில் செவிலியராக நாலு வருடப் பட்டம் வாங்கித்தான் தீரவேண்டும் என்பதில்லை. ஏறக்குறைய ஓராண்டுப் பயிற்சி, என்கிளெக்ஸ்-பிஎன் என்ற தேசியத் தேர்வு, மாநில நர்சிங் வாரியத்தின் உரிமம், இவ்வளவு இருந்தால் எல்பிஎன், அதாவது உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர், ஆகிவிடலாம். கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் இதே வேலைக்கு எல்விஎன் என்று பெயர். நாடு முழுவதும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த உரிமத்தை வைத்துப் பிழைக்கிறார்கள். தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி இவர்களின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 62,340 டாலர். உயர்படிப்பு படித்த பதிவுபெற்ற செவிலியர்களான ஆர்என்களுக்கு 93,600. இடைவெளி பெரியதுதான். ஆனால் கையில் பிள்ளையும் தலையில் வாடகையும் உள்ள ஒருத்திக்கு, ஓராண்டுப் படிப்பில் இந்தச் சம்பளம் தரும் வேலைகள் அங்கே அதிகமில்லை. கறுப்பினப் பெண்களின் பங்கு ஆர்என்களிடையே இருப்பதைவிட எல்பிஎன்களிடையே கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே இந்தத் தொழிலின் குறையைப் படிப்பின் நீளத்தில் தேடுவது சரியல்ல. இவர்கள் தலையில் ஏற்றப்படும் பொறுப்புக்கும் இவர்கள் கையில் தரப்படும் அதிகாரத்துக்கும் பொருத்தமே இல்லை. கோளாறு அங்கேதான்.

எல்பிஎன்கள் மிகுதியாக வேலை பார்ப்பது முதியோர் பராமரிப்பு இல்லங்களில். 1987இல் வந்த கூட்டரசுச் சட்டம், இவ்வகை இல்லங்களில் ஆர்என் ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் இருந்தால் போதும், மற்ற நேரத்துக்கு உரிமம் பெற்ற ஏதாவதொரு செவிலியர் இருக்கலாம் என்கிறது. அந்த மற்ற பதினாறு மணி நேரமும் ஓர் எல்பிஎன்னின் தோளில் விழலாம். இரவு ஷிஃப்டில் அவர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போகிறார். சர்க்கரை பார்க்கிறார், இன்சுலின் போடுகிறார், படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிறார். நடுநிசியில் ஒரு முதியவருக்கு மூச்சு வாங்குகிறது. ரத்த அழுத்தமும் ஆக்ஸிஜன் அளவும் பார்த்து, டாக்டரை எழுப்புவதா ஆம்புலன்சைக் கூப்பிடுவதா என்று அந்த நிமிடத்தில் முடிவெடுப்பவர் அவர்தான். ஆனால் பல மாநிலங்களின் விதிப்படி, நோயாளியின் நிலையைத் தாமாக மதிப்பிடும் உரிமை எல்பிஎன்னுக்கு இல்லை. விவரம் திரட்டலாம், மேலே சொல்லலாம், அவ்வளவே. மேலே சொல்வதற்கு அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை என்பதைச் சட்டம் கண்டுகொள்வதில்லை.

முதலாளிக்கு வசதிப்படும்போது மட்டும் இதே ஊழியர் திடீரென்று அதிகாரியாகிவிடுவார். ஒஹாயோவின் ஒரு முதியோர் இல்லத்தில் நிர்வாகத்தால் தண்டிக்கப்பட்ட நான்கு எல்பிஎன்களின் வழக்கு 1994இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உதவியாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தவர்கள் என்பதால் அவர்கள் மேற்பார்வையாளர்களே என்ற கீழ்மன்றத் தீர்ப்பை, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மேற்பார்வையாளருக்குத் தொழிற்சங்கச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. எல்லா எல்பிஎன்களுக்கும் இது பொருந்தாது. சங்கத்தில் இருப்பவர்கள் பலர் உண்டு. ஆனாலும் நோயாளியை மதிப்பிடத் தகுதி போதாத ஒருவர், உரிமை கேட்கும்போது மட்டும் நிர்வாகத்தின் ஆளாவது விசித்திரம்தான். முதியோர் இல்லங்களுக்கென 2024இல் வந்த கூட்டரசுப் பணியாளர் விதியும் இவர்களை மறந்தது. ஒவ்வொரு முதியவருக்கும் நாளுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பு, அதில் ஆர்என் 0.55, உதவியாளர் 2.45 என்று கணக்குப் போட்டவர்கள், எல்பிஎன்னுக்கென்று தனியாக ஒன்றும் ஒதுக்கவில்லை. மிச்சமுள்ள அரைமணியை யாரைக் கொண்டும் நிரப்பலாம். அந்த விதியும் 2025இல் நீதிமன்றத்தில் அடிபட்டுப்போனது.

படிப்புக் குறைந்தவர்களிடம் நோயாளியை ஒப்படைப்பதே ஆபத்து என்பது எதிர்வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. செவிலியத்துக்குப் பட்டப்படிப்பே அடிப்படையாக வேண்டும் என்று அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1965இலேயே சொல்லிவிட்டது. பட்டம் பெற்ற செவிலியர் பத்து விழுக்காடு கூடினால் அறுவைச் சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு ஐந்து விழுக்காடு குறைவதாக, பென்சில்வேனிய மருத்துவமனைகளை வைத்து லிண்டா எய்க்கனும் குழுவினரும் 2003இல் காட்டினார்கள். ஆனால் அது அறுவைச் சிகிச்சை வார்டுகளின் கதை. முதியோர் இல்லத்தில் எல்பிஎன்னை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு வருபவர் ஆர்என்னாக இருப்பார் என்று நம்ப இடமில்லை. கூட்டரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி மட்டும் முடித்த உதவியாளரே வர வாய்ப்பு அதிகம். இரவிலும் ஓர் ஆர்என் இருக்க வேண்டும் என்று அந்த ஆய்வைக் காட்டிக் கேட்டால் அது நியாயம். எல்பிஎன்னைத் தனியே நிறுத்திவிட்டு, தவறு நேர்ந்ததும் படிப்புப் போதாது என்று அவரையே குறைசொல்வது நியாயமல்ல.

எல்பிஎன் வேலையை முதல் படியாக வைத்து ஆர்என் ஆகிவிடலாமே என்பது இன்னொரு பதில். எல்பிஎன்களுக்கென்றே இணைப்புப் படிப்புகள் இருப்பதும் உண்மை. ஆனால் முழுநேர வேலையும் இரவு ஷிஃப்டும் பார்க்கிறவருக்கு, உடற்கூறியல் முதலான முன்படிப்புகளை முடித்து, பகலில் நடக்கும் மருத்துவமனைப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவது லேசல்ல. ஆண்டுகள் நழுவிவிடுகின்றன. கனடாவின் ஒன்டாரியோ வேறு வழியில் போனது. அங்கே ஆர்பிஎன் எனப்படும் இதே நிலைச் செவிலியருக்கு 2005 முதல் இரண்டாண்டு டிப்ளமா கட்டாயம். நிலை சீராக உள்ள நோயாளியைத் தாமாகவே மதிப்பிட்டுப் பராமரிக்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆர்என்களோடு ஒப்பிட்டால் சம்பளக் குறை அங்கேயும் தீரவில்லை. என்றாலும் படிப்பைக் கூட்டினால் அதிகாரத்தையும் கூட்ட வேண்டும் என்ற நேர்மையாவது அங்கே இருக்கிறது.

அமெரிக்காவில் இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்கள் கட்டணத்தை விசாரிக்கும் முன் தங்கள் மாநில வாரியத்தின் பணிவரம்பு விதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும். வேலைக்கான நேர்காணலில், இரவில் ஆர்என் கட்டடத்துக்குள் இருப்பாரா, தொலைபேசியில் மட்டும் இருப்பாரா என்று கேட்டுவிடுங்கள். தொலைபேசியில் மட்டும்தான் என்றால் வேறு இடம் பார்ப்பது நல்லது.