விட்டுப் போனவர்களின் கணக்கு

பேலியோ உணவுமுறை தோற்பதில்லை, அதைப் பின்பற்றுகிறவர்தாம் தோற்கிறார். விலக்கியதை இடையில் தின்று 'சீட்டிங்' செய்தால் எடை ஏறத்தானே செய்யும்? நியாண்டர் செல்வனின் எழுத்தும் 'ஆரோக்கியம் நல்வாழ்வு' முகநூல் குழுவும் தமிழ்நாட்டில் பரப்பிய குறைமாவு உணவுக்கு அதன் அன்பர்கள் இன்றும் சொல்லும் சமாதானம் இது. இதைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. மற்றபடி அந்த இயக்கம் செய்த நன்மையை ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை. மாவுச்சத்தைக் குறைத்தால் எடை குறைகிறது, பசி அடங்குகிறது, சர்க்கரை இறங்குகிறது. இந்தியாவில் நாம் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்து என்று 2025இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. அந்த நாட்டில் சோற்றைக் குறைக்கச் சொன்னதும் முட்டை மீதான அச்சத்தைப் போக்கியதும் நல்ல காரியங்களே.

ஆனால் எடை எத்தனை நாள் குறைந்தே இருக்கிறது? முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று இறங்குவதில் பெரும்பங்கு நீர். ஈரலிலும் தசையிலும் உள்ள கிளைக்கோஜன் கரையும்போது அதைப் போல மூன்று மடங்கு நீரும் சேர்ந்து வெளியேறுகிறது. அமெரிக்காவில் 63 பேரிடம் நடந்து 2003இல் வெளியான சோதனையில் அட்கின்ஸ் என்ற குறைமாவு உணவு ஆறாம் மாதம் குறைகொழுப்பு உணவை முந்தியது, ஓராண்டு முடிவில் அந்த முந்துதல் நிலைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியிட்டார்கள்: குறைமாவுக்கு 6 கிலோ, குறைகொழுப்புக்கு 5.3 கிலோ. புள்ளியியல்படி இது வேறுபாடே இல்லை. இப்படிப்பட்ட சோதனைகளில் பாதியில் விலகியவரும் கணக்கில் வருவார். எடை குறைத்தவர்கள் போடும் 'முன்பு, பின்பு' படங்களில் அவர் வருவதில்லை. தொப்பை திரும்பியவர் படம் போடுவதில்லை, அவ்வளவுதான்.

அவர் ஏன் விலகினார் என்பதற்கு மன உறுதியை இழுக்குமுன் அவர் வீட்டு அடுப்பைப் பார்க்க வேண்டும். ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் மதுராந்தகம் வட்டாரத்தில் களையெடுக்கப் போகிறவர் தூக்குவாளியில் இருப்பது சோறு. ரேஷன் அரிசி 2011 முதல் விலையில்லாமல் வருகிறது. நாளுக்கு 2000 கலோரி உண்பவரின் தட்டில் அந்த 62 விழுக்காட்டின்படி 1240 கலோரி மாவுச்சத்து, 760 கலோரி மற்றவை. அவருக்கு 1500 கலோரி விதித்து, அதில் 50 கிராம் மாவுச்சத்தை, அதாவது 200 கலோரியை விட்டுவைத்தால், மீதி 540 கலோரிக்குத் தினமும் ஏழெட்டு முட்டை கூடுதலாக வேண்டும். முட்டை ஆறு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1300 ரூபாய்க்கு மேல், ஒருவருக்கு மட்டும். அதற்காக அவர் ஒதுக்குவதோ காசே கொடுக்காத அரிசி. மூன்று மாதம் தாக்குப்பிடிக்கலாம். பாதாமும் பனீரும் சேர்ந்தால் அதுவும் சந்தேகம். டயட்டில் இருப்பவர் வீட்டின் பெண் என்றால், தான் தொடக்கூடாத சோற்றைத் தினமும் வடித்து மற்றவருக்குப் பரிமாறவும் வேண்டும். அவர் ஒரு நாள் ஒரு கரண்டி போட்டுக்கொள்வதற்குச் 'சீட்டிங்' என்று பெயரா?

முட்டைக்குப் பதில் மீன் உண்ணலாமே, மாமல்லபுரம் கரையில் மத்தியும் நெத்திலியும் மலிவாயிற்றே என்பார்கள். கரையோரத்தில் ஓரளவு உண்மைதான். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை வரும்போது விலை என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கட்டும். இதைவிட வலுவான சான்று ஒன்று அவர்கள் கையில் உண்டு. இஸ்ரேலின் டிமோனாவில் ஓர் ஆய்வு மையத்தில் 322 பேரிடம் நடந்து 2008இல் வெளியான சோதனையில், இரண்டாண்டு கழித்தும் குறைமாவு 4.7 கிலோவும் குறைகொழுப்பு 2.9 கிலோவும் குறைத்திருந்தன. உண்மை. ஆனால் அங்கே நாளின் முக்கிய உணவான பகலுணவை ஒவ்வொரு பிரிவுக்கும் ஏற்றபடி அலுவலக உணவகமே கொடுத்தது. அந்த ஊழியர்கள் நம்மவரைவிட வைராக்கியசாலிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட ஆள் இருந்தது. ஒரு மாத்திரையைப் பலரும் பாதியில் நிறுத்தினால் மாத்திரையில் என்ன கோளாறு என்றுதானே கேட்போம்? உணவு அட்டவணை வாங்கியவர் எத்தனை பேர், இரண்டாம் ஆண்டு முடிவிலும் அதில் நிற்பவர் எத்தனை பேர், விட்டவர்களின் எடை இப்போது என்ன என்ற மூன்று எண்களையும் பேலியோ தரப்பு வெளியிடட்டும். அதுவரை, விட்டுப் போனவரைக் குற்றவாளி ஆக்க அவர்களுக்கு உரிமையில்லை.