எளிய மறையீட்டுக் கிளாஸ்: எவ்வளவு மறைக்கிறது?

நீங்கள் விஷுவல் பேசிக் மொழியைக் கற்றுக்கொண்டு, ஒரு மளிகைக் கடைக்குக் கணக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். யார் யார் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் கணிப்பொறியில் ஒரு கோப்பாகக் கிடக்கிறது. கடைப் பையனிலிருந்து பழுது பார்க்க வருபவர் வரை எவரும் அதைத் திறந்து படித்துவிடலாம். இதைத் தடுக்க மறையீடு செய்ய வேண்டும். அதாவது, சாவி உள்ளவர் மட்டுமே படிக்கக்கூடிய எழுத்துக் குவியலாக அதை மாற்றிவிட வேண்டும். இதற்கான கணிதத்தை நீங்களே எழுத வேண்டியதில்லை. ஆயத்தமான ‘கிளாஸ்’ கிடைக்கிறது. ஒரு வேலைக்கு வேண்டிய தரவுகளையும் கட்டளைகளையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்த நிரல் பகுதிக்கே கிளாஸ் என்று பெயர். அதை அப்படியே எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். மாணவர்களின் செயல்திட்டங்களில் பெரும்பாலும் நடப்பதும் இதுதான்.

இத்தகைய கிளாஸ்களில் பலருக்கும் தெரிந்த ஒன்றை இங்கு எடுத்துக்கொண்டு ஆராய்வோம். விஷுவல் பேசிக்குக்கான ஆவணங்களில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பாடமாக வெளியிட்ட ‘சிம்பிள்3டெஸ்’ என்பதே அது. முதலில் அதன் நிறைகளைச் சொல்லிவிடுவது நியாயம். ஓரிரு பக்கங்களுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு படிக்கும் விளக்கம் உண்டு. சொந்தமாகக் கற்பனை செய்த மறையீட்டு முறை எதையும் நம்பாமல், உலகம் ஆராய்ந்து பார்த்த முறையைப் பயன்படுத்துகிறது. கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி வைக்காமல் பயனரிடமே கேட்டு வாங்குகிறது. (கேட்கும் பெட்டியில் கடவுச்சொல் திரையில் பச்சையாகத் தெரியும் என்பது வேறு விஷயம்.)

அது பயன்படுத்துவது மும்மடி டெஸ் என்னும் முறை. டெஸ் 1977-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசுத் தரமாக அறிவிக்கப்பட்டது. அதன் சாவி 56 பிட் நீளமே. 1998-இல் இதற்கென்றே கட்டப்பட்ட ஓர் இயந்திரம் 56 மணி நேரத்தில் அதன் சாவியைத் தேடிப் பிடித்தது. ஆகவே டெஸ்ஸை மூன்று முறை அடுத்தடுத்துச் செய்யும் மும்மடி முறை கையாளப்பட்டது. இன்று அதற்கும் வயதாகிவிட்டது. 2001-இல் தரமான ஏ.இ.எஸ். முறை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2023-ஆம் ஆண்டு முடிந்த பின் மும்மடி டெஸ்ஸைக் கொண்டு புதிதாக மறையீடு செய்வதை அமெரிக்கத் தர நிறுவனம் அனுமதிப்பதில்லை. இந்தக் கிளாஸைக் குறை கூறுபவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். என் கருத்தில் இது இரண்டாம்பட்சமே. மும்மடி டெஸ்ஸை எடுத்துவிட்டு ஏ.இ.எஸ்.ஸை வைத்தாலும் கீழே சொல்லப்போகும் குறைகள் அப்படியே இருக்கும்.

மும்மடி டெஸ் உரையை எட்டு எட்டு பைட்டுகள் கொண்ட தொகுதிகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு தொகுதியையும், அதற்கு முந்தைய தொகுதியின் மறையுரையோடு கலந்த பிறகே மறைக்கிறது. சங்கிலிபோல ஒன்றையொன்று பிடித்துச் செல்வதால், ஒரே சொல் இரண்டு இடங்களில் வந்தாலும் வெவ்வேறாகத் தெரியும். சரி, முதல் தொகுதிக்கு முந்தையது எது? அதற்காகத் தற்செயலான எட்டு பைட்டுகளைக் கொடுக்க வேண்டும். இதைத் தொடக்கத் தொகுதி எனலாம். இது இரகசியமாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக, முன்கூட்டி ஊகிக்க முடியாததாக இருந்தால் போதும்.

நம் கிளாஸ் என்ன செய்கிறது? ஒன்றுமே இல்லாத வெற்று உரையை ஷா-1 என்னும் சுருக்க முறைக்குக் கொடுத்து, வரும் விடையின் முதல் எட்டு பைட்டுகளைத் தொடக்கத் தொகுதியாக வைத்துக்கொள்கிறது. வெற்று உரையின் சுருக்கம் உலகம் முழுவதும் ஒன்றே. 218, 57, 163, 238, 94, 107, 75, 13 என்பவையே அந்த எட்டு எண்கள். யார் எழுதினாலும், எந்த நாளில் எழுதினாலும், எந்தக் கணிப்பொறியில் எழுதினாலும் இவையே. இயற்பியல் மாணவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம்: அதே தொடக்க நிலை, அதே விசை என்றால் பாதையும் அதேதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டாட்நெட் நூலகம் தானாகவே தற்செயலான தொடக்கத் தொகுதி ஒன்றை ஒவ்வொரு முறையும் உண்டாக்கித் தருகிறது. கிளாஸின் ஒரு வரி அதைத் தூக்கி எறிந்துவிட்டு நிலையான எண்களை அங்கே வைக்கிறது. தற்செயலான எண்களை வைத்திருந்தால் அவற்றை மறையுரையோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும்; திறக்கும்போது பிரித்தெடுக்க வேண்டும். இன்னும் நாலைந்து வரிகள் கூடும். ‘எளிமை’ என்ற பெயரில் மிச்சப்படுத்தியது இதைத்தான்.

விளைவை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இந்தக் கிளாஸ் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் இரண்டு பைட்டுகள் எடுத்துக்கொள்கிறது. தமிழில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள். ஆகவே ‘முரு’ என்பது நான்கு குறிகள், எட்டு பைட்டுகள், சரியாக ஒரு தொகுதி. ஒரே கடவுச்சொல்லைக் கொண்டு ‘முருகன்’, ‘முருகேசன்’ என்ற இரண்டு பெயர்களையும் மறையீடு செய்யுங்கள். கிடைக்கும் இரண்டு மறையுரைகளிலும் முதல் பத்து எழுத்துகள் ஒன்றாகவே இருக்கும். ‘முருகன்’ என்பதை மறுநாள் மீண்டும் மறைத்தால் முழு மறையுரையும் அப்படியே வரும். கடன் பட்டியலில் ஒவ்வொரு பெயரும் தனித்தனியாக மறைக்கப்பட்டிருந்தால், எந்தெந்த வரிகள் ஒரே ஆளுடையவை என்று சாவியே இல்லாமல் பிரித்துவிடலாம். அதில் ஒரு வரி யாருடையது என்று வேறு வழியில் தெரிந்துவிட்டால் மற்ற வரிகளும் தெரிந்துவிடும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2013-இல் அடோபி நிறுவனத்திலிருந்து சுமார் 15 கோடி கணக்குகளின் விவரங்கள் திருடப்பட்டன. கடவுச்சொற்கள் மும்மடி டெஸ்ஸால் மறைக்கப்பட்டிருந்தன. ஆனால் ஒரே கடவுச்சொல் எங்கும் ஒரே மறையுரையாக இருந்தது. பக்கத்திலேயே பயனர்கள் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள் மறைக்கப்படாமல் கிடந்தன. ஒரே மறையுரையைக் கொண்ட ஆயிரம் பேரின் குறிப்புகளை அடுக்கி வைத்துப் படித்தால் விடை தானே வந்துவிடுமல்லவா? சாவியைக் கண்டுபிடிக்காமலேயே ஏராளமான கடவுச்சொற்களை இப்படி ஊகித்துவிட்டார்கள்.

இனிச் சாவியைப் பார்ப்போம். மும்மடி டெஸ்ஸுக்கு 24 பைட் சாவி வேண்டும். கிளாஸ் கடவுச்சொல்லை ஷா-1 மூலம் சுருக்குகிறது; அது தருவது 20 பைட்டுகளே. மீதி நான்கு? சுழியால் நிரப்பிவிடுகிறது. மூன்றாவது டெஸ் சாவியில் பாதி எப்போதும் சுழி. அதன் 56 பிட்டில் 28 பிட்டே மிஞ்சுகிறது. இதனால் மட்டும் பூட்டு உடைந்துவிடாது. ஆனால் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கடவுச்சொல் ஒரே ஒருமுறைதான் சுருக்கப்படுகிறது. ஷா-1-இல் 2017-ஆம் ஆண்டு இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே சுருக்கம் வரச் செய்து காட்டினார்கள் என்பதை நீங்கள் படித்திருக்கலாம். இங்கே அது பொருட்டன்று. இங்குள்ள தொல்லை ஷா-1-இன் வேகம். கடைக்காரர் பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தால், நூறு ஆண்டுகளுக்கும் சேர்த்து 36,525 தேதிகளே உள்ளன. சாதாரணக் கணிப்பொறி கண் மூடித் திறப்பதற்குள் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். சுருக்கத்தை லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்து வேண்டுமென்றே தாமதப்படுத்தும் பி.பி.கே.டி.எஃப்.2 என்னும் முறை 2000-ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. அதே டாட்நெட் நூலகத்தில் அதற்கும் ஆயத்தமான கிளாஸ் இருக்கிறது.

படிக்க முடியாது என்பதாலேயே மாற்ற முடியாது என்று எண்ணிவிடாதீர்கள். ‘தொகை 1000’ என்பதை மறையீடு செய்திருக்கிறீர்கள். ‘தொகை’ முதல் தொகுதி; ஓர் இடைவெளியும் 100-ம் இரண்டாம் தொகுதி; கடைசிச் சுழி மூன்றாவது. கணிப்பொறியில் ‘1’ என்ற குறியின் எண் 49. ‘9’ என்பதன் எண் 57. இரண்டுக்கும் ஒரே ஒரு பிட்தான் வேறுபாடு. முதல் தொகுதியின் மறையுரையில் உரிய பிட்டை ஒருவர் திருப்பிவிட்டால், திறக்கும்போது ‘தொகை’ என்ற சொல் குப்பையாகும். ஆனால் 1000 என்பது 9000 ஆகிவிடும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது. கடவுச்சொல் தவறாக இருந்தால் மட்டும் பிழைச் செய்தி வருமே என்றால், அதுவும் உறுதியில்லை: உரையின் கடைசியில் சேர்க்கும் நிரப்பு பைட்டுகள் பொருந்தவில்லை என்பதைக் கொண்டுதான் பிழை தெரிகிறது. ஏறத்தாழ 256 தவறான கடவுச்சொற்களில் ஒன்று தற்செயலாகப் பொருந்தி, குப்பையை உரையாகக் காட்டும்.

இவையெல்லாம் கிளாஸின் குறைகள். அதை எடுத்து ஒட்டுபவர்கள் தங்கள் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பயனரிடம் கடவுச்சொல் கேட்பது தொல்லை என்று, அதை நிரலுக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். மேசைக் கணிப்பொறியில் ஓடும் நிரல் முழுவதும் பயனரின் கையில் இருக்கிறது. டாட்நெட் நிரலை மீண்டும் படிக்கத்தக்க வரிகளாக விரித்துக் காட்டும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டைப் பூட்டிச் சாவியை வாசல் நிலைமேல் வைத்ததுபோல்தான். பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர். அலுவலகக் கணிப்பொறிகள் அனைத்துக்கும் ஒரே இடத்திலிருந்து நிர்வாகக் கடவுச்சொல் வைக்கும் வசதி விண்டோஸில் இருந்தது. கடவுச்சொல், வலையமைப்பின் பயனர் எவரும் படிக்கக்கூடிய கோப்பில், 256 பிட் ஏ.இ.எஸ். முறையால் மறைக்கப்பட்டுக் கிடந்தது. சாவியோ எல்லா அலுவலகங்களுக்கும் ஒன்றே; அதுவும் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆவணத்திலேயே அச்சாகியிருந்தது. 2014 மே மாதத்தில்தான் அந்த வசதியை நீக்கினார்கள். முன்பே எழுதப்பட்ட கோப்புகளை அந்தத் திருத்தம் அழிக்கவில்லை.

அப்படியானால் மளிகைக் கடை நிரலுக்கு என்ன செய்வது? கடவுச்சொல் கேட்கவே கூடாது என்றால் விண்டோஸே சாவியைப் பயனர் கணக்கோடு பிணைத்துப் பாதுகாக்கும் ‘புரொடெக்டட்டேட்டா’ என்ற கிளாஸ் இருக்கிறது. சாவியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் நுழைந்து உட்கார்ந்துவிட்டவரை அது தடுக்காது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கடவுச்சொல் வேண்டும் என்றால் பி.பி.கே.டி.எஃப்.2 மூலம் சாவியை உண்டாக்கி, மாற்றம் செய்திருந்தால் காட்டிக்கொடுக்கும் ஏ.இ.எஸ்.-ஜி.சி.எம். முறையைப் பயன்படுத்தலாம், டாட்நெட்டில் இதற்கான கிளாஸ் 2019 முதல் உள்ளது. அதற்கும் ஒவ்வொரு முறையும் புதிய தொடக்க எண் கொடுக்க வேண்டும். ஒன்றையே திரும்பக் கொடுத்தால் சிம்பிள்3டெஸ்ஸைவிட மோசமாகிவிடும்.

பழைய நிரலை ஏற்கெனவே கடையில் நிறுவிவிட்டீர்களா? பழைய கிளாஸைக் கொண்டே கோப்பைத் திறந்து, புதிய முறையில் எழுதிச் சரிபார்த்த பின், பழைய கோப்பையும் அதன் நகல்களையும் அழித்துவிடுங்கள். பாடத்தில் உள்ளபடியே ஒட்டியிருந்தால், பழைய கோப்பு பயனரின் ‘மை டாக்குமென்ட்ஸ்’ உறையில், ‘மறையுரை’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைத் தாங்கிக்கொண்டு கிடக்கும்.