கை தவறும் அப்பா

தெரியாத வித்தையைத் தெரிந்ததுபோலக் காட்டப்போய்ப் பிள்ளைகள் முன்னால் அசடு வழிகிற அப்பா, சிரிப்புக்கு எந்தக் காலத்திலும் கைகொடுப்பவர். பழைய ஹாலிவுட் குறும்படங்களுக்குப் பிடித்தமான ஆள் அவர். இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், யட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் கோவில் திருவிழாவிலும் பாடசாலைக் கலைவிழாவிலும் பத்து நிமிடப் பகிடித் துண்டாக அவர் இன்னும் மேடை ஏறுகிறார். துவாயை உதறிக் காட்டுவார். சில்லறையை உள்ளங்கையில் வைத்து மூடி ஊதுவார். காசு மற்றக் கையிலிருந்து நழுவிக் கீழே விழும். மூத்த பையன் அதைக் காலால் மிதித்து மறைத்துக்கொள்வான். பிறகு அப்பா தேடுவதும் மகன் முழிப்பதும்தான் கதை. சனம் வயிறு நோகச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு எதைத் தொடுகிறது, எதைத் தொடாமல் நழுவுகிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் இதில் உள்ள கலை. பிழையாகச் செய்வதற்குச் சரியாகச் செய்வதைவிட அதிகப் பயிற்சி வேண்டும். சாப்ளினின் 'தி சர்க்கஸ்' (1928) படத்தில் வித்தைக்காரரின் மேசைப் பொத்தானைத் தவறுதலாக அழுத்திவிடுகிறார் நாயகன். ஒளித்துவைத்த முயலும் புறாவும் கண்டபடி வெளியே வருகின்றன. ஹரால்ட் லாய்டின் 'மூவி கிரேஸி' (1932) படத்தில் யாரோ ஒரு வித்தைக்காரரின் கோட்டைத் தெரியாமல் மாட்டிக்கொண்டு விருந்தில் நடனமாடப் போகிறார் ஒருவர். ஆட ஆடக் கோட்டுக்குள்ளிருந்து பிராணிகள் எட்டிப் பார்க்கின்றன. இரண்டிலும் வித்தை தோற்கவே இல்லை. கருவிகள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்கின்றன, வேண்டாத நேரத்தில். தோட்டத்து மேடை அப்பாவுக்கு அந்தக் கருவிகள் இல்லை. அவருக்கு இருப்பதெல்லாம் துவாயும் காசும் பத்து விரலும். காசு எந்த விநாடியில் விழவேண்டும், எந்தப் பக்கம் உருளவேண்டும், முகம் எப்போது மாறவேண்டும் என்பதெல்லாம் அந்த விரல்களில்தான் இருக்கிறது. இதைச் செய்துகாட்டும் ஆள் பகலில் பால் வெட்டுகிறவராகவோ தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிறவராகவோ இருப்பார். அவரை அரைகுறைக் கலைஞர் என்று ஒதுக்கும் விமர்சகரோடு எனக்கு உடன்பாடில்லை.

வித்தைக்கு மறைவு வேண்டும். பார்வையாளர் ஒரு பக்கத்தில் இருக்கவேண்டும். பின்னால் யாரும் நிற்கக்கூடாது. வரவேற்பறை உள்ள வீட்டில் அது நடக்கும். தோட்டத் தொழிலாளரின் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் எங்கே போய் மறைப்பது? அடுப்படியில் ஒருவர், இஸ்தோப்பில் இருவர், பாதித் தடுப்புக்கு மேலால் பக்கத்துக் காம்பராவின் காது. அப்பாவின் முதுகுப்பக்கம் எப்போதும் யாரோ இருக்கிறார்கள். மகன் காசைப் பார்த்துவிடுவது நாடக ஆசிரியரின் கற்பனையல்ல, வீட்டின் அளவு. இந்தப் பகிடியின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது: எதையும் ஒளிக்க முடியாத இடத்தில் ஒளிக்கப் பார்க்கிற ஒருவரின் பாடு, வசனம் எதுவும் இல்லாமலே மேடைக்கு வந்துவிடுகிறது.

வசனம் இல்லாதது இன்னொரு வகையிலும் உதவுகிறது. சப்ரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களைப்போலத் தனிமலைகளில் இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே, சில இடங்களில் ஒரு ரப்பர் மலைக்கும் மறு ரப்பர் மலைக்கும் இடையே கிராமம் புகுந்து கிடக்கும். தோட்டப் பிள்ளைகள் பலர் சிங்களப் பாடசாலைக்குப் போகிறார்கள். திருவிழாவுக்கு அயல்கிராமத்தாரும் வருகிறார்கள். விடியவிடிய நடக்கும் பொன்னர் சங்கரையோ அருச்சுனன் தபசையோ அவர்களால் தொடர முடியாது. காசு விழுவது எல்லோருக்கும் விளங்குகிறது. கூத்துக்கு ஆளும் குறைந்தது. 1977இலும் 1981இலும் இனக்கலவரங்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது குடும்பங்கள் பல வன்னிப் பக்கம் போய்விட்டன. இந்தியாவுடனான 1964 ஒப்பந்தத்தால் அங்கே கப்பலேறியவர்கள் வேறு. ஒரு கூத்துக்கு வேண்டிய இருபது பேர் ஒரே தோட்டத்தில் மிஞ்சாத நிலையில் மூன்று பேர் போதுமான பகிடித் துண்டு தாக்குப்பிடித்தது என்பது என் ஊகம்.

இனி லோரல், ஹார்டியின் 'பிராட்ஸ்' (1930). ஹால் ரோச்சின் நிறுவனம் எடுத்த இருபது நிமிடச் சொச்சப் படம். மனைவிமார் வெளியே போயிருக்க, இரண்டு அப்பாக்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அப்பாக்களாக நடித்த அதே இருவர்தான் பிள்ளைகளாகவும் வருகிறார்கள். நாற்காலியையும் குளியல்தொட்டியையும் பிரம்மாண்டமாகச் செய்துவைத்து, வளர்ந்த மனிதரைப் பையன்களாக்கிவிட்டார்கள். இங்கே வித்தை காட்டுவது அப்பா அல்ல, படப்பிடிப்புத் தளம். கடைசியில் குளியலறைக் கதவைத் திறந்ததும் வெள்ளம் பாய்ந்து அப்பாக்களின் கண்டிப்பை எல்லாம் அடித்துக்கொண்டு போகிறது.

அந்தப் படத்தின் முடிச்சு, அம்மா வீட்டில் இல்லாத ஓர் இரவு. தோட்டத்தில் அது அன்றாட நிலை. ஆண்களுக்குக் கொடுக்கிற வேலை பெரும்பாலும் பகல் சாய்வதற்குள் முடிந்துவிடும். பெண்கள் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வர மாலையாகும். அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு அடுப்பு. பிள்ளைக் காம்பராவுக்கும் பாடசாலைக்கும் பிந்திய அந்த இடைவெளியில் வீட்டில் இருக்கும் பெரிய ஆள் அப்பாதான். அவர் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுவதில் புதுமை எதுவும் இல்லை. ஹாலிவுட் அதை விபத்தாக்கிச் சிரிக்கிறது. நம்முடைய பகிடித் துண்டும் அதையே கடன் வாங்கி, 'இன்றைக்கு மட்டும் அப்பா வீட்டில்' என்று தொடங்குகிறது. கண் முன்னால் இருக்கும் நடப்பைவிட்டு வேறொருவர் வீட்டு நடப்பை மேடையேற்றுவது எனக்குச் சோம்பலாகத் தெரிகிறது.

கடன் வாங்கியதன் இன்னொரு குறை, உடைக்கும் பொருள். தொப்பிக்குள் முட்டையை உடைப்பதும் அடுத்தவர் கைக்கடிகாரத்தைச் சுத்தியலால் தட்டுவதும் அந்தக் காலப் படங்களில் கைதட்டல் வாங்கும். முட்டை மிஞ்சிக் கிடக்கும் வீட்டுச் சிரிப்பு அது. தோட்ட மேடையில் ஒரு முட்டை கீழே விழுந்தால் முன்வரிசைப் பெண்கள் முதலில் 'ஐயோ' என்பார்கள். சிரிப்பு பிறகுதான் வரும், சில நேரம் வராமலும் போகும். அனுபவப்பட்ட நடிகர்கள் முட்டையை விட்டுவிட்டுச் சில்லறைக்கு மாறியிருக்கிறார்கள். அது நல்ல திருத்தம். காசு உருண்டாலும் காசுதான்.

ஆனால் காசு மேடைக்கு வந்தபிறகுதான் பெரிய குறை வெளிப்படுகிறது. வித்தைக்காரர் ஒரு கையை ஆட்டி நம் கண்ணை அங்கே இழுத்துக்கொண்டு மறுகையில் காரியத்தை முடிப்பார். இந்தப் பகிடியும் நமக்கு அதையே செய்கிறது. அப்பாவின் தடுமாறும் கையைக் காட்டி நம்மைச் சிரிக்கவைக்கிறது. அவருடைய மறுகையில் என்ன இருக்கிறது என்று கேட்கவிடுவதில்லை. பல தோட்டங்களில் வெகுகாலம் மனைவியின் சம்பளத்தைக் கணவனே வாங்கிப்போகலாம் என்றிருந்தது. ஆண், பெண் நாட்சம்பளம் சமமானதே 1984இல்தான். சமமான சம்பளமும் அவள் கைக்கு வராமலே தவறணைப் பக்கம் போன வீடுகள் உண்டு. காசு மறைகிற வித்தை என்றால் தோட்டத்தில் உண்மையில் நடந்தது அதுதான். பத்து நிமிடப் பகிடியில் அது வருவதே இல்லை.

குடிகார அப்பா வருகிறாரே என்பார்கள். வருகிறார், தள்ளாடுகிறார், வேட்டி அவிழ்கிறது, கம்பத்தை மனைவி என்று நினைத்துப் பேசுகிறார். கசிப்பு குடித்தவரின் கால்களைத்தான் நாம் பார்க்கிறோம். யாருடைய காசில் குடித்தார் என்ற கேள்வி தள்ளாட்டத்தில் கரைந்துபோகிறது. சிரித்தபிறகு அவர்மேல் ஒரு செல்லம்கூட வந்துவிடுகிறது. 'பாவம், நல்ல மனுசன்.'

மறுபக்கமும் சொல்லவேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையும் துரையும் ஒருமையில் கூப்பிட்ட மனிதரை மேடையிலும் மட்டம் தட்டவேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஹாலிவுட் அப்பா வீட்டுக்கு வெளியிலும் மரியாதை உள்ளவர். அவர் சறுக்குவதில் ஓர் இறக்கம் தெரியும். களத்தில் மரியாதை இழந்து வந்தவரை வீட்டிலும் இழக்கவைத்தால் அந்த இறக்கம் எங்கே? ஆனாலும் களத்தில் அடங்கியவர் லயத்தில் அடக்குபவராக இருக்க முடியும். ஒன்று மற்றொன்றை ரத்துச் செய்வதில்லை. நல்ல நகைச்சுவை இந்த இரட்டை நிலையை வைத்துத்தான் விளையாடவேண்டும்.

அதிகாரம் உள்ள அப்பாவைச் சரியாகக் குறிவைத்த படம் நம்மிடம் உண்டு. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964). டி. எஸ். பாலையா அதில் எஸ்டேட் முதலாளி. மகன் நாகேஷ் படம் எடுக்கக் காசு கேட்டு அலைபவர். மகன் வாயாலேயே ஓசை எழுப்பிப் பேய்க்கதை சொல்ல, அப்பா நாற்காலியில் நடுங்குகிறார். இங்கே வித்தைக்காரன் பிள்ளை. ஏமாறுகிறவர் பணப்பெட்டியை வைத்திருக்கும் அப்பா. நாகேஷுக்கு அங்கே ஒரு பொருளும் தேவைப்படவில்லை. பாலையாவின் முகத்தைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம், அந்தச் சிரிப்பு பணம் இருக்கும் இடத்தில் போய் விழுகிறது. தோட்டத் துண்டுகளை எழுதுகிறவர்கள் லோரல், ஹார்டியை விட்டு இந்தக் காட்சியைப் பாடம் கேட்டால் லாபம்.

அதைவிடப் பக்கத்தில் காமன் கூத்து இருக்கிறது. மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றி, பௌர்ணமியில் காமனை எரிப்பார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகவேண்டாம் என்று ரதி தடுக்கிறாள். மன்மதன் கேளாமல் போய்ச் சாம்பலாகிறான். மனைவி சொல்லைத் தட்டிய புருஷனின் கதைதான் அது. ஆனால் அங்கே ரதிக்கு நீண்ட வழக்காட்டு உண்டு. பகிடித் துண்டின் மனைவிக்குக் கிடைப்பது முறைப்பும் அகப்பையும். அந்த வேடத்தையும் பெரும்பாலும் சேலை கட்டிய ஓர் ஆண்தான் போடுகிறார். ரதியையும் ஆண்தான் கட்டிவந்தார். ஆனாலும் ரதியின் வாயை யாரும் அடைக்கவில்லை.

காமனை ஒட்டி வளர்ந்த லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து மாறி மாறிப் பாடுவார்கள். கண் முன்னால் நடந்தது மெய்யா மாயமா என்ற வழக்கையே பாட்டாக்கிய வடிவம் அது. சம்பளக் காசு எங்கே போனது என்று அம்மா ஒரு கட்சி, அப்பா ஒரு கட்சியாக நின்று பாடினால் பத்து நிமிடம் போதாது. அம்மா கட்சிக்குப் பாட, நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த பெண் ஒருத்தியையே மேடையேற்றட்டும். காசு எங்கே விழுகிறது என்று அப்போது மூத்த பையனும் வேறு இடத்தில் தேடுவான்.