கருப்பு போல்ட்டா, எஸ்.எஸ். போல்ட்டா? கொடுங்கையூரில் மூன்று மழைக்காலம்

கொடுங்கையூரில் வண்டி வைத்திருப்பவருக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கிழக்கே சுமார் 5 கிலோமீட்டரில் கடல், வடக்கே மணலி ஆலைகள். பக்கத்திலேயே குப்பைக் கிடங்கு. அங்கே போகும் லாரிகள் வழியெல்லாம் சொட்டவிடும் கழிவுநீர் நம் சக்கரத்தில் ஏறி என்ஜினில் தெறிக்கிறது. இந்த ஊரில் போல்ட் வாங்கப் போனால் கடைக்காரர் இரண்டு டப்பாவை எடுத்து வைப்பார். ஒன்றில் கருப்பு ஆலன் போல்ட், இன்னொன்றில் பளபளக்கும் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எஸ்.எஸ்.ஸுக்கு என்னிடம் கருப்பைப் போல இரண்டு மடங்கு விலை வாங்கினார்கள். அந்தக் காசுக்கு அது தகுமா?

மழை நாடுகளில் வேட்டைத் துப்பாக்கி வாங்குவோரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நீலக் கருமை ஏற்றிய குழலா, ஸ்டெயின்லெஸ் குழலா? 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நமக்கு அந்தத் துப்பாக்கியால் வேலையில்லை. ஆனால் கருப்பு போல்ட்டின் மேல் இருப்பதும் அந்தக் குழலின் மேல் இருப்பதும் ஒன்றுதான். சுமார் 140 டிகிரியில் கொதிக்கும் காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்கும்போது எஃகின் மேல்தோலே கருப்பு ஆக்சைடாக மாறுகிறது. கனம் ஏறக்குறைய 1 மைக்ரான்; தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. இந்தக் கருப்பு தனியாக நின்று துருவைத் தடுக்காது. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

2022 ஐப்பசிக்கு முன் என் 150 சிசி பைக்கில் இரண்டையும் பூட்டினேன். என்ஜின் கவரில் வலது பக்கம் முழுக்கக் கருப்பு, செயின் இருக்கும் இடது பக்கம் முழுக்க எஸ்.எஸ். எல்லாம் 6 எம்எம். அழுக்கு அதிகம் சேரும் பக்கத்தை எஸ்.எஸ்.ஸுக்கு வேண்டுமென்றே கொடுத்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வண்டி ஒரு நாள் முழுக்க என்ஜின் மட்டத்துக்குத் தெருத் தண்ணீரில் நின்றது.

கருப்பு போல்ட்டில் துரு முதலில் வந்த இடம் ஆலன் கீ நுழையும் அறுகோணக் குழி. மழைநீர் அங்கேதான் தேங்குகிறது. முதல் மழையிலேயே குழிக்குள் செம்மண் நிறத்தில் ஒரு வளையம். காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஒரு சொட்டு என்ஜின் ஆயில் விட்டேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இதைச் செய்த போல்ட்டுகள் இன்றும் கருப்பாகவே இருக்கின்றன. புயலுக்குப் பிறகு ஒரு மாதம் கவனிக்காமல் விட்ட இரண்டில் குழியின் விளிம்பே மழுங்கி, ஆலன் கீ வழுக்குகிறது.

எஸ்.எஸ். பக்கம் பார்வைக்கு அப்படியே இருந்தது. செயினுக்குப் பக்கத்தில் மட்டும் டீக் கறை மாதிரி லேசான பழுப்பு, துடைத்தால் போய்விட்டது. 2025 தை மாதம் கவரைக் கழற்றியபோதுதான் உள்ளே நடந்தது தெரிந்தது. போல்ட் தலையைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. இரண்டு போல்ட் அசையவில்லை. ஒன்று வெளியே வரும்போது என்ஜின் மரையையும் பிய்த்துக்கொண்டு வந்தது. "எஸ்.எஸ். துரு புடிக்காதுபா, ஆனா உட்கார்ந்த எடத்த தின்னுடும்" என்றார் மெக்கானிக் அண்ணன். உப்புத் தண்ணீர் இரண்டு உலோகங்களையும் இணைத்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். மரையில் கிரீஸ் தடவிப் பூட்டிய எஸ்.எஸ். போல்ட்டுகள் மட்டும் சுலபமாகக் கழன்றன.

வாங்கும்போது போல்ட் தலையைப் படியுங்கள். கருப்பு ஆலன் போல்ட்டில் பெரும்பாலும் 12.9 என்று இருக்கும். இழுவிசை சுமார் 1200 மெகாபாஸ்கல் தாங்கும் என்று பொருள். எஸ்.எஸ்.ஸில் ஏ2-70 என்றிருந்தால் 700தான். ஏ2 என்பது 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கொண்ட 304 வகை. ஏ4 என்பது மாலிப்டினம் சேர்த்த 316. காசிமேட்டில் படகு வைத்திருப்பவருக்கு அதுதான் சரி. காந்தச் சோதனையை நம்பாதீர்கள். காந்தம் ஒட்டவில்லை என்று நம்பி ஒரு கடையில் 304 என்று வாங்கிய வாஷர்கள் எனக்கு ஒரே மழையில் பழுப்பேறின. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு கூட்டிய மலிவு எஃகிலும் காந்தம் ஒட்டாது.

என் தீர்ப்பு இது. நம்பர் பிளேட், மட்கார்டு, சைடு பேனல், கண்ணாடி ஆகியவற்றுக்கு எஸ்.எஸ். போடுங்கள், கொடுத்த காசு வீணாகாது. என்ஜின் கவருக்கு, எண்ணெய் விடும் பொறுமை இருந்தால் கருப்பு. இல்லையென்றால் கிரீஸ் தடவிய எஸ்.எஸ். பிரேக் கேலிப்பர், ஹேண்டில்பார் கிளாம்ப், சக்கர அச்சு ஆகியவற்றில் அழகுக்காக எஸ்.எஸ். மாற்றவே மாற்றாதீர்கள். அங்கே கம்பெனி கொடுத்த போல்ட்டேதான் இருக்க வேண்டும். உங்கள் உயிர் அந்த 1200-க்கும் 700-க்கும் நடுவில் இருக்கிறது.