எதுவும் நடக்காத சிற்பம்

நாமக்கல் நரசிம்மர் குடைவரைக்குப் போகிறவர்கள் மூலவரைச் சேவித்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். தீர்த்தம் வாங்கிய கையோடு பக்கச் சுவர்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும். அங்கே வராகம் பூமியைத் தூக்குகிறது. திரிவிக்கிரமன் காலை வானத்துக்கு வீசுகிறான். இரணியனின் வயிறு கிழிகிறது. எல்லாம் ஒரே ஆவேசம். இவற்றோடு ஒன்றாக, எதுவுமே நடக்காத ஒரு புடைப்புச் சிற்பம்: அனந்தன்மேல் அமர்ந்த வைகுந்தநாதன்.

எனக்கு அதுதான் ஒசத்தி. போரைச் செதுக்குகிறவனுக்குக் கை, கால், ஆயுதம் எல்லாம் துணைக்கு வரும். சொர்க்கத்தைச் செதுக்குகிறவனுக்கு எது வரும்? கற்பக மரம், காமதேனு, அரம்பையர் என்று அடுக்கிப் பார்க்கலாம். இந்தச் சிற்பி அவற்றை நம்பியதாகத் தெரியவில்லை. உட்காரும் விதத்திலேயே வைகுந்தத்தைச் சொல்லிவிட்டான். பகலெல்லாம் காடு கொத்திவிட்டு வந்து திண்ணையில் 'அக்கடா' என்று உட்காருகிறவருடைய உடம்பு இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தளர்வைக் கடும்பாறையில் கொண்டுவந்திருக்கிறான்.

வராகம், நரசிம்மம், திரிவிக்கிரமன், அனந்தன்மேல் அமர்ந்த திருமால் என்ற இதே கூட்டணி கர்நாடகத்தின் பாதாமி மூன்றாம் குகையிலும் உண்டு. 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள குகை அது. அங்கே மணற்கல், உளி சொன்னபடி கேட்கும். நாமக்கல் பாறை அப்படிப்பட்டதல்ல. அதனால்தானோ என்னவோ, இங்கே அலங்காரம் குறைவு, உடம்பின் கனம் அதிகம்.

பாம்பையும் கவனியுங்கள். ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடியவர்களுக்குப் பாம்பு என்றால் சறுக்கல். ஏணியில் ஏறி, பரமபதத்துக்கு நாலு கட்டம் இருக்கும்போது கடித்துக் கீழே தள்ளும். இந்தப் பாறையில் பாம்பே இருக்கை, அதன் படமே குடை. மலையின் கிழக்குப் பக்கக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பதும் கார்க்கோடகன்மேல் என்பார்கள். அதைச் செதுக்குவித்தவன் எட்டாம் நூற்றாண்டு அதியர் மரபுக் குணசீலன். கல்வெட்டு அந்தக் கோயிலை அதியேந்திர விஷ்ணுகிருகம் என்கிறது. அதியர் என்றதும் நினைவுக்கு வருவது நெல்லிக்கனி. சாவைத் தள்ளிப்போடும் கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் சங்ககால அதியமான். அந்தக் குலத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட ஒருவன் ஆண்ட காலத்தில் வைகுந்தத்தைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்!

தமிழில் சொர்க்கத்தைப் பாடியவர்களைவிட அதை வேண்டாம் என்றவர்களின் குரல்தான் என் காதில் அதிகம் ஒலிக்கிறது. தொண்டரடிப்பொடி ஆழ்வார் அரங்கன் பெயரைச் சொல்லும் சுவைக்கு முன்னால் இந்திரலோகத்து ஆட்சியையே தள்ளிவிட்டார். சினிமாவுக்கு வந்தால், சேலம் ஏற்காடு சாலையில் டி.ஆர்.சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படம் 1937-இல் வந்த 'சதி அகல்யா'. அந்தக் கதையில் தேவலோகத்துக்கு அதிபதியான இந்திரனே அங்கே இருப்புக்கொள்ளாமல் முனிவர் குடிசைக்கு இறங்கி வருகிறான். பிறகு எத்தனையோ புராணப் படங்களில் முழங்கால் உயரப் புகையும் அட்டைத் தூண்களும் தேவலோகமாகிவிட்டன. அவற்றைப் பார்த்துவிட்டு இந்தச் சுவருக்கு முன்னால் வந்து நின்றால், புகை போடாமலே காரியத்தை முடித்தவனின் துணிச்சல் பிடிபடும்.

கோயிலை விட்டு வெளியே வந்தால் எதிரே பதினெட்டு அடி ஆஞ்சநேயர். இராமன் வைகுந்தம் திரும்பியபோது உடன் போகாமல், இராமகதை சொல்லப்படும் பூமியே போதும் என்று தங்கிவிட்டவர். உள்ளே நரசிம்மர் அமர்ந்திருக்கிறார், மலைக்கு அந்தப் பக்கம் அரங்கநாதர் படுத்திருக்கிறார். இவர் மட்டும் கைகூப்பி நின்றுகொண்டே இருக்கிறார். தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலும் மழையும் அவர்மேல்தான். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறார் என்பது ஊர் நம்பிக்கை.

ஆயிரத்தெட்டு வடை மாலை இவருக்குத்தான், வெண்ணெய்க் காப்பும் இவருக்குத்தான். சனிக்கிழமை காலையில் நெருக்கியடிக்கும் கூட்டம் முழுக்க இவர் பக்கம்தான். அந்த நேரத்தில் வைகுந்தச் சுவருக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் நகரச் சொல்ல மாட்டார்கள்.