ரெயின்போ பப்பாளி: வெற்றியின் எல்லை

ஹவாயின் பப்பாளியில் பெரும்பங்கு பூனா வட்டாரத்தில் விளைந்தது. 1992-இல் அங்கே வளையப்புள்ளி நச்சுயிரி நுழைந்தது. அசுவினி பரப்பும் இந்நோய்க்கு மருந்து கிடையாது. மரத்தை வெட்டிப் போடுவதுதான் வழி. ஆறே ஆண்டுகளில் விளைச்சல் ஏறக்குறையப் பாதியானது. 1998-இல் ஆய்வாளர் டென்னிஸ் கொன்சால்வெஸ் குழுவினர் உருவாக்கிய ‘ரெயின்போ’ என்னும் மரபணு மாற்றுப் பப்பாளி விதை உழவர் கைக்கு வந்த பிறகே தோட்டங்கள் மீண்டன. மரபணு மாற்றுப் பயிர்களின் ஆதரவாளர்கள் அடிக்கடி காட்டும் சான்று இது. சான்று மெய்தான், அதை எல்லா ஊருக்கும் நீட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நச்சுயிரியின் மேலுறைப் புரத மரபணுவைப் பப்பாளிக்குள் வைத்தார்கள். அந்தப் புரதமே செடியைக் காக்கும் என்பது தொடக்க எண்ணம். உண்மையில் காத்தவை இருபத்துச் சொச்ச எழுத்து நீளமே உள்ள சிறு ஆர்.என்.ஏ.க்கள். செடிகளில் இவற்றை ஆய்வாளர்கள் ஹாமில்டனும் பால்கோமும் கண்டறிந்ததே 1999-இல், அதாவது விதை வெளியான மறு ஆண்டு! டைசர் நொதி இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைத் துண்டு போடும். ஆர்கோநாட் புரதம் ஒரு துண்டை ஏந்தி, அதற்குப் பொருந்தும் நச்சுயிரி ஆர்.என்.ஏ.வைத் தேடி வெட்டும். இலை வடிவத்துக்கும் பூக்கும் காலத்துக்கும் செடி தன் மரபணுக்களை அடக்குவதும் இதே வகை ஏற்பாட்டால்தான். நோயுற்ற பழத்தைத் தின்றவர்கள் முன்பே அந்த நச்சுயிரியையும் சேர்த்துத் தின்றவர்கள்தானே? இந்தப் பழத்தை உண்பது பற்றிய அச்சத்தை நான் பெரிதாக எண்ணாததற்கு இது ஒரு காரணம்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சிறு ஆர்.என்.ஏ.வின் எழுத்துகள் நச்சுயிரியோடு பொருந்தினால்தான் வெட்டு விழும். ரெயின்போவில் இருப்பது ஹவாய் நச்சுயிரியின் மரபணு. தைவான், தாய்லாந்து வகைகளைச் செலுத்திச் சோதித்தபோது அது நோயுற்றது. அதன் பெற்றோர் இரகமான ‘சன்அப்’, அதே மரபணுவை இரு படிகளாகக் கொண்டது. அது கூடுதல் வகைகளைத் தாங்கியது. ஆனால் சன்அப்பின் சதை சிவப்பு, உள்ளூர்ச் சந்தை கேட்டதோ மஞ்சள். அதற்காகக் ‘கப்போஹோ’வுடன் கலந்தார்கள், மரபணு ஒற்றைப் படியானது, காப்பும் குறுகியது. நச்சுயிரியும் சும்மா இருப்பதில்லை: ஹெச்.சி-புரோ என்ற தன் புரதத்தால் செடியின் சிறு ஆர்.என்.ஏ.க்களை மடக்கப் பார்க்கும்.

சந்தைக் கணக்கும் உண்டு. ஜப்பான் இந்தப் பழத்துக்கு 2011 வரை கதவைத் திறக்கவில்லை. ரெயின்போவின் மகரந்தம் தங்கள் தோட்டத்துக்கு வருகிறது என்ற இயற்கை உழவர்களின் முறையீடும் நியாயமானதே.

இந்தியாவிலும் இதே நோய் உண்டு. இங்குள்ள நச்சுயிரி வகைகள் ஹவாய் வகையிலிருந்து விலகியவை, தமக்குள்ளும் வேறுபட்டவை. ஹவாய் விதை இங்கே காக்கும் என்று நம்ப இடமில்லை. முறை உதவலாம், அதற்கு முதலில் நம் நச்சுயிரிகளின் மரபு வரிசையை வட்டாரம் வட்டாரமாகப் படித்தாக வேண்டும்.