விருந்தினரை மட்டும் கண்ட ஓவியர்

நகரத்தில் உழைப்போர், விடுமுறை நாளில் நல்ல காற்றைத் தேடிக் குழுவாக மிதிவண்டியேறி நாட்டுப்புற ஊர்களுக்குச் சென்றுவரும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் வேரூன்றியது. 1885-இல் வந்த ரோவர் வண்டியும், 1888-இல் டன்லப் உருவாக்கிய காற்றடைத்த டயரும் அதற்கு வழிவகுத்தன. அவ்வழக்கத்துக்குக் கலைவடிவம் தந்தோருள் முதன்மையானவர் பிராங்க் பேட்டர்சன். 1893 முதல் 1952-இல் மறையும்வரை 'சைக்கிளிங்' இதழுக்கு அவர் பல்லாயிரம் பேனாக் கோட்டோவியங்களை வரைந்தளித்தார்.

அவற்றைப் புரட்டும்போது நம் கண்ணை முதலில் ஈர்ப்பது அவற்றின் அடக்கம். வளைந்து செல்லும் பாதை, கற்பாலம், கூரை வேய்ந்த வீடுகள், மரங்களுக்கு மேலே எழும் ஆலயக் கோபுரம்; இவற்றினிடையே மிதிவண்டியர் சிறு உருவங்களாகவே காட்சி தருகின்றனர். வேகத்தைப் போற்றிய ஒரு காலத்தில், மனிதனை அவன் கடந்துசெல்லும் நிலத்தைவிடச் சிறியவனாகக் காட்டுவதற்குத் துணிவு வேண்டும். வண்ணத்தின் துணையின்றி, கோடுகளின் நெருக்கத்தாலும் இடைவெளியாலும் மட்டுமே வெயிலையும் நிழலையும் அவர் பிரித்துக் காட்டும் திறம் வியத்தற்குரியது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. அவருடைய பயணிகள் பலர் வண்டியை விட்டு இறங்கியவர்கள். அதை வேலியில் சாய்த்துவிட்டு, எதிரே விரியும் காட்சியில் தம்மை மறந்து நிற்பவர்கள். இதன் காரணத்தை ஓவியரின் வாழ்க்கை ஓரளவு விளக்குகிறது. நாற்பது வயதை எட்டுமுன்னரே காலில் நேர்ந்த பாதிப்பால் அவர் மிதிவண்டியைக் கைவிட்டார். சசெக்ஸ் மாவட்டத்துப் பண்ணைவீட்டில் இருந்தபடியே, நிழற்படங்களையும் அஞ்சலட்டைகளையும் துணைக்கொண்டு பிற்காலத்தில் வரைந்தார். தாம் செல்ல இயலாத ஊர்களுக்குப் பிறரை அனுப்பிவைத்தவர் அவர். அந்த ஏக்கமே அவருடைய கோடுகளுக்கு ஆழ்ந்த அமைதியை அளித்தது எனக் கருதுகிறோம்.

ஆயினும் அதே ஏக்கம் ஓர் இழப்பையும் கொணர்ந்தது. இவ்வோவியங்களில் விடுதிகள் எப்போதும் பயணியை அழைக்கின்றன; அழைப்பவரின் முகத்தைக் காண்பதோ அரிது. இருபது பேர் ஒன்றாக வந்திறங்கினால் சிற்றூர் விடுதியின் அடுப்படி என்ன பாடுபடும் என்பதை அவர் கோடுகள் உரைப்பதில்லை. அவ்வாசல்கள் எல்லாருக்கும் ஒருபோலத் திறந்திருக்கவுமில்லை. 1898-இல் சர்ரே மாவட்டத்து ஆக்கம் என்னும் ஊரிலுள்ள ஹாட்பாய் விடுதிக்கு ஹார்பர்டன் சீமாட்டி மிதிவண்டியில் வந்தார். பாவாடைக்குப் பதிலாக அவர் தளர்ந்த காற்சட்டை அணிந்திருந்தமையால், உணவருந்தும் அறையில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. மதுக்கூடத்தை ஒட்டிய அறைக்குச் செல்லலாம் என்றார் விடுதியை நடத்திய அம்மையார். 1878-இல் தோன்றிய மிதிவண்டிப் பயணியர் கழகம் இதனை வழக்காக்கியது. வேறோர் அறை தர அம்மையார் முன்வந்திருந்தமையால், 1899-இல் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. சட்டம் நிறைவு கண்டது; விருந்தோம்பல் நிறைவு காணவில்லை.

அண்டையூராகிய ரிப்ளியில் நிகழ்ந்ததோ வேறு. லண்டனிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்த மிதிவண்டியரை, அங்கே ஆங்கர் விடுதியை நடத்திவந்த டிபிள் குடும்பத்துப் பெண்கள் பரிவோடு உபசரித்தனர். நன்றி மறவாத மிதிவண்டியர், அவ்வூரின் ஆங்கிலத் திருச்சபை ஆலயத்தில் அவர்கள் நினைவைப் போற்றும் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தை அமைத்தனர். பிரபுக்களுக்கும் படைவீரர்களுக்கும் உரியதாக இருந்த சிறப்பு, களைத்து வந்தோர்க்கு உணவு பரிமாறிய கைகளுக்கும் கிட்டியது!

சில கல் தொலைவே உள்ள இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டைப் பேட்டர்சனின் பேனா காட்டவில்லை. அவர் வரைந்திருந்தால் இரண்டுமே ஒரே அழகுடைய விடுதிகளாகத்தான் தோன்றியிருக்கும். இதனால் அவர் கலை சிறுத்துவிடாது. நிலத்தை இத்தனை அன்போடு நோக்கிய கோடுகள் அரியன. ஆனால் ஊர் என்பது நிலமும் கூரையும் மட்டுமன்று. வருவோரை ஏற்கவோ மறுக்கவோ செய்யும் மனிதரும் அதில் அடங்குவர் அன்றோ! வேலியில் சாய்ந்து நிற்கும் வண்டியைக் கண்டு மகிழும் வாசகர், அருகேயுள்ள வாசலையும் சற்று உற்று நோக்குவாராக. உள்ளே ஒருவர் விருந்தினருக்காக அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்.